கந்துவட்டியில் உள்ள ‘கந்து’ எது?

‘கந்துவட்டி’ என்னும் சொல்லில் உள்ள ‘கந்து’ யானையைக் கட்டும் தறியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்தானா, கடன்பட்டவரைத் தறியில் கட்டிய விலங்கைப் போல நகரவிடாமல் வைத்திருப்பதால் அந்த வட்டிக்கு அப்பெயர் ஏற்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டவுடன் மனத்தில் பதிந்துவிடும் விளக்கம் அது. ஆயினும் அது அந்தச் சொல்லின் வரலாறு அன்று என்பதே என் முடிவு. இந்தக் ‘கந்து’ தவணையைக் குறிக்கும் வேறொரு சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றைக்கும் அன்றாட வழக்கில் இருப்பது. தவணை முறையில் வாங்கப்படும் வட்டி என்ற, நன்மை தீமை எதையும் சுட்டாத கணக்குச் சொல்லாகத் தொடங்கி, அந்த முறையின் மறைவில் நடந்த கொடுமையால் அது இன்றைய பொருளை அடைந்தது. நான் இவ்வாறு கருதுவதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இன்றைய பொருள். பொதுப்பேச்சில் எந்த அதிக வட்டியையும் கந்துவட்டி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கொடுக்கல் வாங்கலில் அடிபட்டவர்கள் அச்சொல்லால் பெரும்பாலும் குறிப்பது ஒரு குறிப்பிட்ட நடைமுறையை. வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு எஞ்சிய தொகையை மட்டும் கையில் தருவார்கள். பிறகு மாதந்தோறும் அல்லது வாரந்தோறும் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். அசலை முழுத்தொகையாக ஒரே தடவையில் கொண்டுவந்து வைக்கும்வரை, எத்தனை ஆண்டுகள் வட்டி கட்டினாலும் அசலில் ஒரு ரூபாயும் குறையாது. ‘பத்து வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் என்று பொருள். அந்தப் பேச்சில் 1 இலட்சம் ரூபாய் கடன் வாங்குபவரின் கைக்கு வருவது 90,000 ரூபாய்தான். அடுத்த ஒன்பது மாதங்களில் அவர் கட்டும் வட்டியே அவர் வாங்கிய 90,000 ரூபாய்க்குச் சமமாகிவிடும். அப்போதும் அவர் பெயரில் 1 இலட்சம் ரூபாய் அசல் அப்படியே நிற்கும். இந்த நிற்றல்தான் கந்துவட்டியின் உயிர்நிலை.

இனி தறி என்னும் விளக்கத்துக்கு வருவோம். ‘கந்து’ பழமையான தமிழ்ச் சொல் என்பதில் ஐயமில்லை. தூண், கட்டுத்தறி, பற்றுக்கோடு ஆகிய பொருள்களில் அது நம் இலக்கியம் முழுவதும் வருகிறது. பட்டினப்பாலை ‘கந்துடைப் பொதியில்’ என்று பாடும்போது, தெய்வம் உறைவதாகக் கருதி மக்கள் வழிபட்ட தூணை உடைய பொதுவிடத்தைச் சொல்கிறது. மணிமேகலையில் வரும் கந்திற்பாவை தூணில் அமைந்த தெய்வப் பாவை. ‘காதன்மை கந்தா அறிவறியார்த் தேற்றம்’ என்று தொடங்கும் 507ஆம் குறளில் ‘கந்தா’ என்பதற்குப் பற்றுக்கோடாக என்று பொருள். நெற்களத்தில் பொலியை, அதாவது நெற்குவியலைச் சுற்றி ஒதுங்கும் பதருக்கும் கந்து என்றே பெயர். இத்தனை பொருள்கள் ஒரே எழுத்துவடிவில் கிடைக்கும்போது, வட்டிக்கு முன்னால் நிற்கும் ‘கந்து’வையும் இவற்றுள் ஒன்றோடு இணைத்துவிட மனம் விரும்புவது இயல்பு. பதர் என்று கொண்டு, நெல்லையெல்லாம் அள்ளிக்கொண்டு பதரை மட்டும் விட்டுச்செல்லும் வட்டி என்றுகூட ஒருவர் அழகாக விளக்கிவிட முடியும். அழகாக விளக்க முடிவதே ஒரு சொல்லாராய்ச்சியைச் சந்தேகிக்கப் போதிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தறி விளக்கத்தை ஏற்க முடியாமைக்கு மொழியிலேயே வலுவான காரணம் இருக்கிறது. கடன் தொழிலில் ‘வட்டி’ என்ற சொல்லுக்கு முன்னால் நாம் சேர்க்கும் அடைகளைப் பாருங்கள். மாத வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தனி வட்டி, கூட்டு வட்டி, பைசா வட்டி, மீட்டர் வட்டி. நாட்டுக்கோட்டை நகரத்தார் இரங்கூனிலும் கொழும்பிலும் தொழில் நடத்திய காலத்தில் நடப்பு வட்டி, தவணை வட்டி என்று இரு வகையாகப் பிரித்துக் கணக்கெழுதினர். இவற்றில் எந்த அடையும் கடன் வாங்கியவர் படும் பாட்டைச் சொல்வதில்லை. வட்டி எந்தக் கால அளவில், எந்த முறையில் கணக்கிடப்படுகிறது அல்லது வாங்கப்படுகிறது என்பதையே சொல்கிறது. மீட்டர் வட்டிகூட அப்படித்தான். வாடகை ஆட்டோவின் மீட்டர் ஓடுவது போல நேரம் செல்லச்செல்ல ஏறும் வட்டி என்பதால் அந்தப் பெயர். பாதிக்கப்பட்டவரின் பக்கமிருந்து பிறந்த சொற்களும் தமிழில் உண்டு. அநியாய வட்டி, கொடுவட்டி, கடுவட்டி ஆகியவை அத்தகையவை. அவை கேட்டவுடனே பொருள் விளங்கும் பண்புச் சொற்கள். கந்துவட்டியோ பேரேட்டிலிருந்து வந்த சொல்லின் அமைப்பை உடையது. கடன் கொடுப்பவரே தம் தொழிலைக் குறிக்க, ‘உன்னைத் தறியில் கட்டும் வட்டி’ என்ற பெயரைத் தேர்ந்திருப்பார் என்று நம்புவது கடினம்.

பற்றுக்கோடு என்ற பொருளை வைத்து, அடமானத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு கொடுக்கும் கடன் என்று விளக்குவோரும் உண்டு. நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. நகையோ நிலமோ ஈடாக வைக்க முடிந்தவர் அடகுக் கடைக்கோ வங்கிக்கோ போய்விடுகிறார். ஈடு வைக்க எதுவும் இல்லாதவர்தான் கந்துவட்டிக்குப் போகிறார்; அவரிடம் வாங்கப்படுவது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும், தொகை எழுதாத புரோநோட்டும்தான்.

அப்படியானால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தெலுங்கில் ‘கந்து’ என்றால் தவணை. ஒரு தொகையைப் பகுதி பகுதியாகச் செலுத்துவதை ‘கந்துலவாரிகா’ என்பார்கள். கன்னடத்திலும் அதே சொல் அதே பொருளில் வழங்குகிறது. தவணை என்ற பொருள் அங்கே நன்கு வேரூன்றியிருப்பதால், தொலைக்காட்சித் தொடரின் ஒவ்வொரு பகுதியையும்கூடக் கன்னடர் ‘கந்து’ என்றே குறிக்கின்றனர். அவ்விரு மொழிகளிலும் அச்சொல்லின் தகரம், நம் ‘பத்து’ என்ற சொல்லில் வருவதைப் போல வல்லோசையாக ஒலிக்கும். தமிழிலோ மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் ‘பந்து’, ‘சந்து’ என்பவற்றில் போல மெலிந்தே ஒலிக்க வேண்டும். அதில் பேசுபவரின் விருப்பத்துக்கு இடமில்லை. ஆகவே அந்தச் சொல் தமிழுக்குள் வந்த கணமே, தூணைக் குறிக்கும் நம் பழைய ‘கந்து’வோடு எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிட்டது. இரண்டு வேறு சொற்கள் ஒரே உருவில் நிற்பதுதான் இந்தக் குழப்பம் முழுவதற்கும் காரணம்.

விசயநகர, நாயக்கர் ஆட்சிக்காலங்களிலிருந்து தெலுங்கும் கன்னடமும் தமிழ்நாட்டின் வரிக்கணக்கிலும் வாணிகத்திலும் நெருக்கமாகக் கலந்திருந்தன என்பதை நினைவில் கொண்டால், தவணையைக் குறிக்கும் சொல் அங்கிருந்து வந்திருப்பது வியப்பளிக்காது. ‘கெடு’ என்ற சொல்லையும் இதனோடு வைத்துப் பாருங்கள். ‘கடனைத் திருப்பித் தர ஒரு வாரம் கெடு கொடுத்தார்’ என்கிறோம். கெடுதல் என்ற வினைக்கும் இந்தக் கெடுவுக்கும் தொடர்பில்லை; தெலுங்கில் ‘கடுவு’ என்றும் கன்னடத்தில் ‘கடு’ என்றும் வழங்கும், காலவரையறையைக் குறிக்கும் சொல்லின் உறவினம் இது. மலையாளத்தில் இன்றும் தவணைக்கு ‘கடு’ என்றே பெயர். ஆனால் தமிழ்க் காதுக்குக் ‘கெடு’ என்றவுடன் அழிவின் ஒலி கேட்கிறது. கந்துவட்டியில் தறியின் நிழல் தெரிவதும் இதைப் போன்றதே.

சரி, தவணை என்ற பொருளிலிருந்து கொடிய வட்டி என்ற பொருள் எப்படி வர முடியும் என்று நீங்கள் கேட்கலாம். செலுத்தும் முறையின் பெயர் செலுத்தப்படும் பொருளின் பெயராக மாறுவது நம் பணச்சொற்களில் திரும்பத்திரும்ப நடந்திருக்கிறது. இதற்குச் சிறந்த சான்று கிஸ்தி. அரபியிலிருந்து பாரசீகத்தின் வழியே நமக்கு வந்த அச்சொல்லுக்கு மூலப்பொருள் பங்கு, தவணை என்பதே. நிலவரியைத் தவணைகளாகக் கட்டியதால், நாளடைவில் தமிழில் கிஸ்தி என்றாலே நிலவரி என்றாகிவிட்டது. தவணை என்ற எண்ணமே அச்சொல்லிலிருந்து மறைந்துவிட்டது. கந்தாயம் என்ற சொல்லும் அப்படியே. பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் ‘கந்தாய பலன்’ என்ற பகுதியை அறிவார்கள். அங்கே கந்தாயம் என்பது நான்கு மாதக் காலம். ஓர் ஆண்டுக்கு மூன்று கந்தாயங்கள். அதே சொல் கன்னடத்தில் நிலவரியைக் குறிக்கும் சொல்லாகி, கருநாடக அரசின் வருவாய்த் துறையே இன்று ‘கந்தாய இலாகா’ என்று அழைக்கப்படுகிறது. காலப் பகுதியின் பெயர் அக்காலத்தில் கட்டும் வரியின் பெயராக ஆகியிருக்கிறது. கிஸ்தியும் கந்தாயமும் நடந்த அதே வழியில்தான் கந்துவும் நடந்திருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அரசுக்குக் கட்டிய தவணைகள் வரியின் பெயரை ஏற்றன. தனியாரிடம் கட்டிய தவணை, கட்டியவரின் கண்ணீரை ஏற்றது.

தவணை என்பது கடனாளிக்குச் செய்யும் சலுகைதானே, அதில் கொடுமை எங்கே நுழைகிறது என்ற ஐயம் எஞ்சும். இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இந்த விடை முழுவதிலும் எனக்கு முதன்மையாகப் படும் இடம் இதுவே. சந்தையில் காய்கறி விற்பவர், தள்ளுவண்டி வைத்திருப்பவர் போன்றோர் வாங்கும் தண்டல் கடனை எடுத்துக்கொள்வோம். தண்டுதல் என்றால் வசூலித்தல். வரி வசூலைக் குறித்த பழைய சொல் அது. ஒருவர் 10,000 ரூபாய் தண்டல் கடன் பேசுகிறார். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் தருகிறார்கள். நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு இது நூற்றுக்கு 15 ரூபாய் வட்டி போலத் தோன்றும். ‘பதினைந்துதானே’ என்று வாங்குபவரும் எண்ணுவார். ஆனால் அவர் 8,500 ரூபாயை 100 நாளும் கையில் வைத்திருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாவது நாளில் அவரிடம் உண்மையில் நிலுவையில் உள்ளது ஏறத்தாழப் பாதித் தொகைதான். குறைந்துகொண்டே வரும் இந்த நிலுவையின் மீது கணக்கிட்டால், அவர் கொடுக்கும் வட்டி நாளொன்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 33 பைசா. ஆண்டுக்கு அது நூற்றுக்கு 120 ரூபாயைத் தொட்டுவிடும். தவணையாகக் கட்டுவது எளிது என்ற அந்த உணர்வே வட்டியின் உண்மை அளவை மறைத்துவிடுகிறது. தவணையின் பெயர் இறுதியில் கொடுமையின் பெயராக ஆனதற்கு இதைவிடப் பொருத்தமான காரணத்தை நான் அறியேன்.

இன்னொரு மறைப்பு, வட்டியைச் சொல்லும் முறையில் இருக்கிறது. வங்கிகள் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லும்போது, நம் ஊர்ப் பேச்சில் ‘இரண்டு வட்டி’, ‘இரண்டு பைசா வட்டி’ என்கிறார்கள். ஒரு ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். ஆனால் காதில் விழுவது ‘இரண்டு’ என்ற சிறிய எண்தான். ‘மூன்று வட்டி நியாயமானது’ என்று பலரும் இயல்பாகச் சொல்லக் கேட்கலாம். ஆண்டுக்கு 36 சதவீதம் என்று எடுத்துச் சொன்னால் அவர்களே திகைப்பார்கள். இந்தப் பேச்சுமுறை யாரையும் ஏமாற்றுவதற்காகப் பிறந்ததன்று என்றாலும், ஏமாற்றுபவருக்கு அது மிகவும் வசதியாக அமைந்துவிட்டது.

சொல்லின் மறுபாதியான ‘வட்டி’யையும் சிறிது பார்க்க வேண்டும். சங்கப் பாடல்களில் ‘வட்டி’ வருகிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள் கூடை. ஐங்குறுநூற்றில் பாண்மகள் மீன் கொண்டுவந்த ‘அகன்பெரு வட்டி’ நிறைய வீட்டுப்பெண் பயறு நிறைத்துக் கொடுக்கிறாள். கடன் மீது பெறும் ஊதியத்தைக் குறிக்கும் ‘வட்டி’ வேறு. வளர்ச்சி என்னும் பொருளுடைய ‘விருத்தி’ என்ற வடசொல் பாகத மொழிகளில் ‘வட்டி’ என்பதற்கு நெருங்கிய உருவத்தை அடைந்து, அங்கிருந்து தமிழில் வட்டி, தெலுங்கில் ‘வட்டி’, கன்னடத்தில் ‘பட்டி’ என்று பரவியது. இதற்கு முன்பு தமிழில் சொல்லே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் இதற்குப் பெயர் பொலிசை, பலிசை. பொலிதல் என்றால் பெருகுதல். களத்தில் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயரிட்ட அதே மனம்தான் பணத்தின் பெருக்கத்துக்கும் பொலிசை என்று பெயரிட்டது. நாம் கைவிட்ட அந்தச் சொல்லை மலையாளம் இன்றும் காத்துவருகிறது. அங்கே வட்டிக்கு எல்லாரும் வழங்கும் சொல் ‘பலிச’ என்பதே. விருத்தியானாலும் பொலிசையானாலும் இரண்டும் வளர்ச்சியையே பேசுகின்றன. இன்று ‘வட்டி குட்டி போடுகிறது’ என்று நாம் சொல்வதும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

அந்தப் பொலிசை எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய கந்துவட்டியின் அளவு உறைக்கும். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலின் பணத்தை ஊர்ச்சபைகள் முதலாகப் பெற்றுக்கொண்டு ஆண்டுதோறும் பொலிசை செலுத்த ஒப்புக்கொண்டதைப் பதிவு செய்துள்ளன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு; இன்றைய கணக்கில் ஆண்டுக்கு 12.5 சதவீதம். சில ஊர்கள் அதைக் காசுக்கு முக்குறுணி, அதாவது குறுணி என்னும் பழைய அளவையால் மூன்று அளவு, நெல்லாக அளந்தன. அர்த்தசாத்திரம் மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் பணம் என்பதை அறவழிப்பட்ட வட்டியாகவும், வாணிகக் கடனுக்கு ஐந்து, காட்டு வழியே செல்லும் வணிகருக்குப் பத்து, கடல் வணிகருக்கு இருபது என்றும் வகுக்கிறது. முதலையும் உயிரையும் ஒருங்கே இழக்க நேரிடும் காட்டுப் பயணத்துக்கென அது வகுத்த மாதம் பத்து என்னும் வீதத்தைத்தான், தெருமுனையில் இட்லிக் கடை நடத்தும் ஒரு பெண்ணிடம் இன்று கந்துவட்டிக்காரர் கேட்கிறார். தப்பி ஓட வழியில்லாத, நாள்தோறும் கண்முன்னே இருக்கும் அந்தக் கடனாளியிடம் காட்டுப் பயணத்தின் இடர் என்ன இருக்கிறது?

சட்டம் இந்தச் சொல்லை எப்படி நடத்தியது என்பதும் உங்கள் கேள்வியோடு தொடர்புடையதே. ஆங்கிலேய ஆட்சி 1855இல் வட்டி உச்சவரம்புகளை நீக்கியது. பின்னர் 1918ஆம் ஆண்டின் சட்டத்தால், மிகையான வட்டி கொண்ட கடன்களை மறுஆய்வு செய்யும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு அளித்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இவற்றைவிட நெடுந்தூரம் சென்றது. அதன் வரையறைக்குள் வந்த ஓர் உழவர் பழைய கடன் ஒன்றுக்கு அசலைப் போல் இருமடங்கு செலுத்தியிருந்தால், அசல் உட்பட அந்தக் கடனே முழுதாகத் தீர்ந்துவிட்டதாகச் சட்டம் கொண்டது. எத்தனை கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும் என்பதுதான் இந்த முறையின் உயிர்நிலை என்று முன்னர்ச் சொன்னேன்; அந்த உயிர்நிலையிலேயே கைவைத்த சட்டம் என்பதால் எனக்கு அதன் மீது தனி மதிப்பு உண்டு. வட்டித்தொழிலுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கி, வட்டிக்கு உச்ச அளவு விதிக்க வழிசெய்த சட்டம் 1957இல் வந்தது.

2003இல் மிகை வட்டி வசூலிப்பதைத் தடைசெய்து தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியபோது, இந்தச் சொல்லின் வரலாற்றில் ஒரு புதிய கட்டம் தொடங்கியது. அச்சட்டத்தின் ஆங்கில வாசகத்திலேயே கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற பெயர்கள் மொழிபெயர்க்கப்படாமல் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றுள்ளன. தெருவில் வழங்கிய சொல் அவ்வாறு சட்டச் சொல்லாயிற்று. மிகை வட்டி வாங்குவதற்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. கடன் கொடுத்தவரின் துன்புறுத்தலை அடுத்துக் கடனாளியோ அவர் குடும்பத்தவரோ தற்கொலை செய்துகொண்டால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை கடன் கொடுத்தவரே அதற்குத் தூண்டியவராகக் கருதப்படுவார் என்றும் அது கூறுகிறது. சட்டம் வந்ததோடு கொடுமை ஓயவில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டித் தொல்லை தாளாத ஒரு தொழிலாளியின் குடும்பம் குழந்தைகளோடு தீயில் மாண்டது. அந்த நாளுக்குப் பிறகு இந்தச் சொல்லைத் தவணை என்ற பழைய பொருளில் எவரும் கேட்டிருக்க முடியாது. 2022இல் தமிழ்நாடு காவல்துறை தன் நடவடிக்கைக்கு ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்றே பெயரிட்டது.

தமிழ் வழங்கும் பிற நிலங்களில் இந்தப் பெயர் இவ்வளவு பரவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈழத்தில் ‘மீற்றர் வட்டி’ என்பதே பெருவழக்கு. மலேசியத் தமிழர் கடன் கொடுத்து மிரட்டுபவர்களை ‘வட்டி முதலைகள்’ என்கின்றனர். தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் நம்மோடு கலந்து வாழும் தமிழ்நாட்டிலே ‘கந்து’ செழித்து, கடல் கடந்த தமிழில் அது தேய்ந்திருப்பதும், அச்சொல் சங்கத் தமிழின் தறியிலிருந்து வரவில்லை என்பதற்கு ஒரு துணைச்சான்றாக எனக்குப் படுகிறது. இதை மட்டுமே வைத்து முடிவு கட்டிவிட முடியாது. மேற்சொன்ன காரணங்களோடு சேர்த்துப் பார்க்கையில் இதற்கும் எடை உண்டு.

இச்சொல்லுக்கு மாற்றாக எதை எழுதலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மூலப்பொருளை நோக்கித் ‘தவணை வட்டி’ என்று எழுதுவது தவறாகிவிடும். வங்கியில் மாதத் தவணை கட்டும் எவரும் அதைக் கந்துவட்டி என்று புரிந்துகொள்ள மாட்டார். கட்டுரையிலும் கதையிலும் ‘கடுவட்டி’ நன்றாகவே பொருந்தும். ஆனால் காவல் நிலையத்துக்கோ ஆட்சியருக்கோ மனு எழுத நேர்ந்தால், சட்டம் ஏற்றுக்கொண்ட சொல் என்பதால் கந்துவட்டி என்றே எழுதுங்கள். அதோடு பேசிய தொகை எவ்வளவு, அதில் முன்கூட்டிப் பிடித்துக்கொண்டது எவ்வளவு, கையில் வாங்கியது எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் என்ன கட்டப்பட்டது, கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகளும் தாள்களும் யாவை என்பதையும் தனித்தனியே குறிப்பிடுங்கள்.